வைத்தி சார் பிடித்த சூரை

1

போன கிழமை கரீம் பாய் என் தையல் மேசைமேல் ஓர் உறையைப் போட்டுவிட்டுப் போனார். உள்ளே ஒரு போட்டோ. மயிலாப்பூர்க் கடற்கரை மணலில் மூன்று பேர் நிற்கிறோம். நடுவில் வைத்தி சார், தலையில் வெள்ளைத் தொப்பி, ஒரு காலை முன்னால் வைத்துப் புலி சுட்ட ஜமீன்தார் மாதிரி. இடது பக்கத்தில் கரீம் பாய், வாந்தி எடுத்து ஓய்ந்த முகம். வலது ஓரத்தில் நான். முக்காலி போலக் கட்டிய கம்புகளில், வாயில் கயிறு கோத்த ஒரு பெரிய சூரை மீன் தொங்குகிறது. காற்றில் அது திரும்பிவிடாதபடி நான் அதன் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பின்பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. என் மகள் பூரணி வாசித்துச் சொன்னாள். "வைத்தியநாதன் பிடித்த மீன். கூட நண்பர்கள்."

இந்தப் பங்குனியோடு அது நடந்து ஒரு வருஷமாகிறது. சிலோனில் நமது ஊர் வாசிகசாலைக்காரர் தங்கள் சஞ்சிகைக்குப் பட்டணத்து வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு தரம் கடிதம் போட்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். எழுதுவதென்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் அல்லவா, அதனால் எழுதுகிறேன். கபாலி கோயில் தேரையும் தெப்பத்தையும் பற்றி எழுதப் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் இந்த மீனைப் பற்றி எழுதுகிறேன்.

2

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பட்டணத்தில் இருக்கிறேன். பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் என் மெஷின். காலையில் ஆழ்வார்பேட்டையிலிருந்து நடந்து போவேன், விளக்கு வைக்கும் நேரத்தில் நடந்து வருவேன். மனைவி செங்கமலம் ஆதம்பாக்கத்துப் பெண். மகள் ஒருத்தி. ஆமாம் என்பதற்கு நான் நம் ஊர் வழக்கில் "ஓம்" என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு. "இன்னாப்பா, கோயில்ல மந்திரம் சொல்றாப்ல ஓம் ஓம்னுகினு!" என்பாள். பள்ளிக்கூடத்துக்கு என்னை வரவேண்டாம் என்கிறாள். வாத்தியாரம்மா கேட்டால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாளாம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த வித்தையை இந்த வீட்டில் முதலில் செய்தவன் நான்.

நான் வந்த புதிதில் மயிலாப்பூரில் அறை தேடினேன். தெருவுக்குத் தெரு ஒரே கேள்வி. "தோப்பனார் என்ன பண்றார்?" மூன்றாவது வீட்டில், "புகையிலைத் தோட்டம்" என்று சொன்னேன். அறை கிடைத்தது. என் அப்பு வாழ்நாள் முழுக்கக் கடலில் சூரை பிடித்தவர் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். போன பங்குனி வரை இங்கே செங்கமலத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அறையை விட்டு வந்து எத்தனையோ வருஷமாயிற்று. பொய்யை விட்டு வர முடியவில்லை. உங்களுக்கு நான் ஜவுளிக்கடையில் மனேஜர் என்று எழுதியதும் அதே பழக்கம்தான். இப்போது திருத்திக்கொள்ளுங்கள். வாசலில் இருக்கிறேன்.

வெள்ளைக்காரன் போனான், இரண்டு கரையிலும் கொடி மாறியது. முன்பெல்லாம் ரயிலேறித் தனுஷ்கோடியில் கப்பல் பிடித்தால் அடுத்த நாள் ஊர். இப்போது போக ஒரு கடதாசி, திரும்பி வர ஒரு கடதாசி. ஆபீஸ் குமாஸ்தா எனக்கு விளக்கினார். "போறதுக்கு ஒண்ணும் தடையில்லைய்யா. தாராளமா போ. திரும்பி வர்றதுக்குத்தான் நீ இங்க இருந்தவன்னு ஒரு பெரிய ஆபீசர் எழுதிக் குடுக்கணும்." இருபத்திரண்டு வருஷம் இந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டை தைத்தவன் இங்கே இருந்தானா என்று அவர்களுக்கே சந்தேகம். அரிசிக் கார்டில் என் மதம் என்ற இடத்தில் 'சிலோன்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். திருத்தச் சொல்லி இரண்டு தரம் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். அந்த மதத்திலேயே இருந்துவிடலாம் என்று வந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் அப்பு யாரையோ பிடித்து எழுதுவித்த கடிதம் வந்தது. "இப்ப கடலுக்குப் போறேல்லை. கண் மங்கிப்போச்சு. முழுக்க மங்க முந்தி ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ." அவ்வளவுதான்.

3

வைத்தி சார் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் சூப்பரின்டெண்ட். மயிலாப்பூர் மாட வீதியில் சொந்த வீடு. கரீம் பாய் பொத்தான், சரிகை, நூல் வியாபாரம். சாயங்காலம் இருவரும் என் மெஷின் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து உலகத்தை நடத்துவார்கள். நான் கேட்டுக்கொண்டு தைப்பேன். இதற்கு அவர்கள் வைத்த பெயர் சிநேகம். பெரிய ஆபீசர் கையெழுத்துக்காக என் கடதாசியை வைத்தி சாரிடம் கொடுத்து ஐந்து மாதமாகியிருந்தது. "ஆகட்டும், ஆகட்டும்" என்பார். தினமும் கேட்க எனக்குக் கூச்சம். கேட்காதவனை நினைவில் வைக்க அவருக்கு என்ன அவசரம்?

ஒருநாள் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையோடு வந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரர் தன்னைவிட உயரமான சூரையோடு நிற்கிறார். சீமையில் பெரிய மனிதர்கள் ஓய்வு நாளில் படகை வாடகைக்கு எடுத்து இப்படிப் பிடிப்பார்களாம்.

"நாமளும் போறோம் ஓய்," என்றார். "மோட்டார் லாஞ்சுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. இந்த ஞாயித்துக்கிழமை."

கரீம் பாய் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அரே, வைத்தி சார், நீங்க முட்டைகூடத் தொடமாட்டீங்க. மீனைப் புடிச்சு இன்னா பண்ணுவீங்க?"

"சாப்பிடறதுக்கா பிடிக்கறது? இது ஸ்போர்ட் ஓய்! புலி சுடறவன் புலியைத் திங்கறானா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"கந்தையா, நீரும் வரணும். உம்ம கடுதாசு விஷயமா லாஞ்சுல சாவகாசமா பேசலாம்," என்றார் வைத்தி சார். பிறகு தூண்டிலில் கட்ட வெள்ளைத் துணி வேண்டும் என்றும், துண்டு துணி என்னிடம் நிறைய இருக்குமே என்றும் சொன்னார்.

4

அலை தாண்டிக் கட்டுமரத்தில் கொண்டுபோய் லாஞ்சில் ஏற்றினார்கள். வைத்தி சார் தயிர்சாதக் கேரியரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் காப்பாற்றினார். கழுத்தில் தொங்கிய கேமரா நன்றாகக் குளித்தது. மீன் பிடிக்கப் போகிறவர் எதைக் காப்பாற்றுகிறார் பாருங்கள்.

எங்களோடு குப்பத்து ஏழுமலை வந்தான். என் வயதுதான் இருக்கும். நான் கொண்டுபோன துணியை வாங்கிப் பார்த்தான். நீளவாக்கில் மெல்லிய கீற்றாகக் கிழித்து, நுனியை இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் இழுத்தால் சின்ன மீன் துள்ளுவது போல நெளியும்படி வெட்டியிருந்தேன். நான் யோசித்துச் செய்ததல்ல. கத்தரிக்கோலை எடுத்தவுடன் கை அப்படி வெட்டிவிட்டது.

"இன்னா நைனா, இத்த யாராண்ட கத்துக்கினே?"

"சும்மா வெட்டினது."

"சும்மா வெட்ன மாதிரி தெரியலியே," என்றான். என் கையைப் பார்த்துவிட்டுத் தூண்டிலில் கட்டினான்.

கரை ஒரு கோடாகும் வரை போனோம். கரீம் பாய் லாஞ்சின் ஓரத்தில் கவிழ்ந்துகிடந்து கடலுக்குக் காலை உணவைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "யா அல்லா, இந்த மனுசனோட சகவாசமே வாணாம்! வண்டியைத் திருப்பச் சொல்லுங்கப்பா!" ஏழுமலை அடிக்கடி நிமிர்ந்து கபாலி கோபுரத்தையும் மாதா கோயில் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவை இரண்டும் எந்த அளவுக்கு விலகித் தெரிகின்றன என்று பார்த்துத்தான் கடலில் இடம் கண்டுபிடிப்பது. அப்பு இரண்டு பனைகளை வைத்துப் பார்ப்பார்.

வைத்தி சார் உருகிப்போனார். "பார்த்தீரா கந்தையா? மீன் பிடிக்கறவன்தான், ஆனா என்ன பக்தி! நிமிஷத்துக்கு ஒருதரம் கோபுர தரிசனம்." தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

வடகிழக்கில் பறவைகள் விழத் தொடங்கியதை முதலில் கண்டது நான். தண்ணீர் அங்கே கறுத்திருந்தது, கீழே மீன் கூட்டம். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கொஞ்சம் கழித்து ஏழுமலையே கண்டுவிட்டு லாஞ்சைத் திருப்பச் சொன்னான்.

சூரை கடித்தால் கயிறு ஓடும் ஓட்டம் உங்களுக்குத் தெரியும். வைத்தி சார் கையில் அது நின்றது இரண்டு எண்ணும் நேரம். "ஐயோ, சுடறது, சுடறது!" என்று விட்டார். ஏழுமலைதான் கால் மணி நேரம் விட்டுப் பிடித்து இழுத்தான். ஓடுகிற கயிற்றில் யார் காலும் மாட்டாமல் நான் வளையங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மீன் பக்கத்தில் வந்ததும் வைத்தி சார் திரும்ப ஓடிவந்து கயிற்றில் ஒரு கை வைத்தார். மஞ்சள் துடுப்பு, நீல முதுகு, நல்ல ஆட்டுக்கிடாய் அளவு. பலகையில் விழுந்து அது அடித்த அடியில் லாஞ்சே அதிர்ந்தது.

"நான் பிடிச்சுட்டேன் ஓய்!" என்றார்.

ஏழுமலை கத்தியை எடுத்தான். சூரை சூடான ரத்தமுள்ள மீன். ஏறியவுடன் செவுளைக் கீறி ரத்தத்தை வடித்து, நிழலில் ஈரச் சாக்குப் போட்டு வைக்கவேண்டும். இல்லாவிட்டால் சதை உள்ளுக்குள்ளேயே வெந்து கெட்டுவிடும். தின்றவர் முகம் தடித்து மூச்சு முட்டும். நம் கரையில் பேச்சு வரும் பிள்ளைக்கும் இது தெரியும்.

"டேய், டேய், கத்தியைக் கீழ போடு! படம் எடுக்கணும், ஒரு கீறல் விழப்படாது!"

"சார், இது ரத்த மீனு. கீறாங்காட்டி கெட்டுப்பூடும் சார்."

"கெட்டா கெடறது. நீயா திங்கப்போறே?"

ஏழுமலை கத்தியை இடுப்பில் செருகினான். மறுபடி என்னைத்தான் பார்த்தான். நீயாவது சொல்லேன் என்ற பார்வை. என் கடதாசியைப் பற்றி வைத்தி சார் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கயிற்றைச் சுருட்டினேன்.

5

கரைக்கு வந்தபோது உச்சி வெயில். கேமரா வேலை செய்யவில்லை. ஸ்டுடியோக்காரனை அழைத்துவர ஆள் போயிற்று. அவன் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. அதுவரை மீன் வெயிலில் தொங்கியது. இறக்கி நிழலில் போடலாமா என்று ஏழுமலை கேட்டான். மணல் ஒட்டிவிடும் என்றார் வைத்தி சார். அவர் மட்டும் படகு நிழலில் தயிர்சாதம் சாப்பிட்டார். தயிர் புளித்துவிட்டதாம், வெயிலில் இருந்ததால். அதை மட்டும் கண்டுபிடித்தார்.

படம் எடுத்து முடிந்ததும் ஏழுமலை மீனை அவிழ்த்தான். புதைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அப்போதுதான் வைத்தி சாருக்கு யோசனை உதித்தது.

"இரு இரு. இதை எங்க பெரிய ஆபீசர் துரைக்கு அனுப்பினா என்ன? அடையாறுல பங்களா. மீன்னா அவருக்கு உசுரு." என் தோளில் கை வைத்தார். பழகிய இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "கந்தையா, உம்ம பேப்பர் இப்ப அவர் மேஜைலதான் இருக்கு. நீரே கொண்டுபோய்க் குடும். வைத்தியநாதன் பிடிச்சதுன்னு சொல்லும். நாளைக்குக் காலம்பற கையெழுத்து. என்ன?"

"ஓம்," என்றேன்.

சாக்கில் கட்டி ரிக்ஷாவில் ஏற்றினார்கள். ஏழுமலை ரிக்ஷாவின் கைப்பிடியில் கை வைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "நைனா, உனுக்குத் தெரியும்ல?"

நான் சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்தேன். ரிக்ஷா நகர்ந்தது.

சாந்தோம் தாண்டியதும் சாக்கைப் பிரித்தேன். விரலால் அழுத்தினால் குழி எழும்பவில்லை. செவுள் ஓரத்தில் நகத்தால் ஒரு துணுக்குக் கிள்ளி நாக்கில் வைத்தேன். அப்பு அப்படித்தான் பார்ப்பார். மிளகைக் கடித்த மாதிரிக் குத்தியது, மீன் கெட்டுவிட்டது. துப்பினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் வாய்க்குள் போன சூரை அதுதான்.

அப்படியும் நான் திரும்பவில்லை. அதை மறைக்க மாட்டேன். துரை வீட்டுச் சமையற்காரன் பார்த்துத் தெரிந்துகொள்வான், என் பொறுப்பில்லை என்று எண்ணிக்கொண்டே அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினேன். பங்களாவின் பின்வாசலில் சமையற்காரன் வந்தான். சாக்கைத் திறந்து ஒரே சிரிப்பு.

"ஆகா, இன்னாம்மா சைசு! வறுத்தா ரெண்டு நாளைக்கு வரும். அம்மா! மீன் வந்துகீது!"

உள்ளேயிருந்து இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒருத்தி மீனின் கண்ணில் விரலை வைத்துப் பார்த்தாள். அந்த விரலை அவள் வாய்க்குக் கொண்டுபோனாள், எல்லாப் பிள்ளைகளும் செய்வதுபோல.

நான் அவள் கையைத் தட்டிவிட்டுச் சாக்கை இழுத்தேன்.

"வீடு மாறி வந்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"இன்னாய்யா இது, குடுக்கிறியா, புடுங்கிறியா?" சமையற்காரன் மறுமுனையைப் பிடித்தான். நான் அப்படி ஒருவரோடு இழுபறி செய்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. சாக்கோடு ரிக்ஷாவில் ஏறிவிட்டேன்.

பாலத்துக்குக் கீழே ஆற்றோர மணலில் தென்னை மட்டையால் குழி தோண்டினேன். ரிக்ஷாக்காரன் முதலில் சிரித்தான், பிறகு கெஞ்சினான். "எனுக்குனா குடு சாமி. ஊட்ல நாலு வாய்கீது." கெட்டுவிட்டது என்றேன். "நீங்கள்லாம் கெட்டுச்சுன்னு சொல்றத துன்னுதான் நாங்க உசிரோட கீறோம்," என்றான். நான் மண்ணைத் தள்ளினேன். "துன்னவும் மாட்டான், துன்றவனையும் வுடமாட்டான்! நல்லா இருப்பியா நீ!" மண்ணை மிதித்து இறுக்கும் வரை திட்டினான். அன்றைக்கு என்னிடம் உண்மையாகப் பேசியவர்கள் ஏழுமலையும் அவனும்தான்.

6

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வைத்தி சார் வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. கடையில் புடவை பார்க்க வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். கரீம் பாய் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஓய், மீன் எங்கே?"

நான் மெஷினை நிறுத்தினேன்.

"மீன் வந்துதான்னு நான் கேட்டா, துரை திருப்பிக் கேக்கறார், என்ன மீன்னு. எவனோ கொண்டுவந்து காட்டிட்டுப் பிடுங்கிண்டு ஓடினான்னு சமையக்காரன் சொன்னானாம். எனக்கு எப்படி இருக்கும்? ஆத்துக்குக் கொண்டுபோய்த் தின்னுட்டீரா? கேட்டா நானே குடுத்திருப்பேனே!"

"பழுதாப்போச்சு. புதைச்சுப்போட்டன்."

"பழுதாப்போச்சா? புகையிலைத் தோட்டக்காரப் பிள்ளைக்கு மீன் பழுதாப்போனது எப்படித் தெரியும்?"

பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். "என்ரை அப்பு சூரை பிடிக்கிறவர்," என்றேன். எவ்வளவு சின்னக் குரல் என்றால், கரீம் பாய் குவளையை வைத்துவிட்டு "இன்னா?" என்றார். இன்னொரு முறை சொல்லவேண்டியதாயிற்று. இரண்டாம் முறை சத்தமாக வந்தது.

வைத்தி சார் சிரித்தார். "அதான் பார்த்தேன். அந்தக் கையாலயா ஓய் இத்தனை வருஷமா என் சட்டைக்கு அளவெடுத்தீர்?"

கரீம் பாய் குவளையை மறுபடி எடுத்தார். தேநீரை முடித்தார். மறுநாளும் வந்தார், ஆனால் பெஞ்சில் வைத்தி சார் இருக்கிறாரா என்று தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத்தான் வந்தார். அதுதான் அவருடைய சிநேகத்தின் அளவு. குற்றமில்லை. என்னுடையதும் அதே அளவுதான், பல வருஷமாக.

என் கடதாசி ஒரு மாதத்துக்குப் பிறகு தபாலில் வந்தது. கையெழுத்து இல்லை. 'விண்ணப்பதாரரைப் பற்றித் தகவல் இல்லை' என்று எழுதியிருந்தது. வேறு ஆபீசரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடதாசி இல்லாமல் புறப்பட்டு வந்தால் திரும்பி வரமுடியாது. பூரணியையும் செங்கமலத்தையும் விட்டுவிட்டு வரமுடியாது.

பட்டணம் என்றால் என்ன என்று கேட்டீர்கள். மீனைப் பார்த்தறியாதவன் மீனைப் பிடித்ததாகப் பெயர் வாங்குவான். பிடித்தவன் படத்தில் இருக்கமாட்டான். தெரிந்தவன் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

பூரணி மட்டும் ஒருநாள் கேட்டாள். "அப்பா, தாத்தா நெஜமாவே கடல்ல போவாரா? அவ்ளோ பெரிய மீனை அவர் ஒருத்தரே இழுப்பாரா?" ஓம் என்றேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

இந்தப் படத்தை அப்புவுக்கு அனுப்பியிருக்கிறேன். முகத்தைக் காட்டச் சொன்னார், வேறு படம் என்னிடம் இல்லை. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் மங்கிய கண்ணானாலும் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முதலில் மீனைத்தான் பார்ப்பார். செவுள் கீறவில்லை என்பதைப் பார்ப்பார். எங்கள் நிழல் கடல் பக்கம் சாய்ந்து கிடப்பதைப் பார்ப்பார், அது என்ன நேரம் என்று அவருக்குத் தெரியும். பிறகுதான் வாலைப் பிடித்திருக்கும் கையின் வழியே மேலே வந்து என் முகத்தைப் பார்ப்பார். அவர் என்ன சொல்வார் என்று எனக்கு இங்கிருந்தே கேட்கிறது.

வாசிகசாலையில் இதைச் சத்தமாக வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் ஓர் உபகாரம் செய்யுங்கள். மடத்தடிக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டு வளவுக்குள் எட்டிப்பார்த்து, அப்புவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த மீனை நான் ஒருவரையும் தின்ன விடவில்லை.